இஸ்திரி அத்தியாயம்

இடைவேளை முடிந்து விளக்கு அணைந்ததும் பொன்னுரங்கம் கையை நீட்டி, நாற்காலிக் கைப்பிடியைத் தடவிக்கொண்டே வந்து, உமையாளின் முழங்கையைத் தொட்டார். இருக்கேன் சார் என்றாள் அவள். சொல்லும்போதே எழுந்து போய்விடலாமா என்றும் இருந்தது. பாத்ரூம் என்று சொல்லிவிட்டு இந்தச் சின்ன பிரிவியூ தியேட்டரின் மெத்தை வைத்த கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வடபழனி வெயிலுக்குப் போய், ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டால் முடிந்தது, ஆனால் போய்விட்டால் இவருக்கு யார் சொல்வது, முதல் பாதி முழுக்க அவள்தான் காதோரம் சாய்ந்து சொல்லிக்கொண்டு வந்தாள், இப்ப ஸ்டேஷன் சார், இப்ப சிக்னல் கேபின் படியில அவன் ஏறுறான், இப்ப தனபாக்கியம் கொடியில துணி எடுக்குறா. கிளாக்கோமா அவர் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்து போன வருஷம் நடுவையும் தின்றுவிட்டது, வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் இப்போது தெரியும் என்று மைதிலி அக்கா சொல்லியிருந்தாள். மைதிலி அவருடைய மகள், அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். அவளே சொல்லலாம். ஆனால் உமா சொல்லட்டும், அவதான எழுதினவ என்று அவர் சொல்லிவிட்டார். எழுதினவள். எழுதினவர் நீங்கள் சார், 'வடக்குக் கேபின்' என்று பெரிய நாவலாக நீங்கள் எழுதினீர்கள், நான் அதைத் திரைக்கதை என்று சொல்லி வெட்டினேன், வெட்டியதில் எது விழுந்தது என்று உங்களுக்கு இன்னும் தெரியாது, கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும், குழந்தை சாகும், அதற்கு அடுத்து வரவேண்டியது வராது.

வரவேண்டியது எது என்று அந்த நாவலைப் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இஸ்திரி அத்தியாயம். ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் கேபின்மேன் பெண்டாட்டி தனபாக்கியம், மூன்று வயசுப் பையனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் புதைத்துவிட்டு வந்த மறுநாள், புருஷன் டூட்டிக்குப் போனதும், கரி மூட்டிப் பெட்டியைச் சூடாக்கி, வீட்டில் இருக்கிற துணி அத்தனையையும் எடுத்துப் போட்டுத் தேய்க்கிறாள். புருஷனுடைய காக்கி, தன் புடவை, தலையணை உறை, யாருமே தேய்க்காத ஈரிழைத் துண்டு, அடுப்பங்கரைப் பிடிதுணி, கடைசியில் பையனுடைய சொக்காய்கள். அழுதாள் என்று ஒரு வரி கிடையாது. அவனைப் பற்றி நினைத்தாள் என்றுகூடக் கிடையாது. உமையாள் அதைப் படித்தபோது அவளுக்குப் பதினேழு வயசு, தேவகோட்டையில் காலேஜ் லைப்ரரியில் ஜன்னலோரம், படித்து முடித்துத் தலையை நிமிர்த்தினால் ஒருவருமில்லை, பூட்ட வந்த ஆயா சாவியோடு நிற்கிறாள், ஏன் ஆச்சி ஒடம்புக்கு முடியலையா என்று அந்த ஊர் வழக்கில் கேட்கிறாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய், மடித்து வைத்திருந்த தாவணியைத் தொட முடியவில்லை, மடிப்பின் மேல் விரல் படும்போதெல்லாம் யாரோ இப்போதுதான் அழுத்திவிட்டுப் போன சூடு இருப்பதுபோல இருந்தது. அப்போது தனபாக்கியத்துக்கு ஒரு முகமும் இருந்தது. யாரும் கொடுத்த முகமில்லை, நாவலில் அவள் மூக்கைப் பற்றியோ கண்ணைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை, தானாக வந்த முகம், நீளவாக்கில், காது கொஞ்சம் பெரிசாக. இப்போது அதைக் கூப்பிட்டால் வருவதில்லை. திரையில் இருக்கிற இந்தப் பெண்ணின் முகம்தான் வருகிறது. நல்ல நடிகை, பாவம், இதற்காக இளைத்துக்கூட வந்தாள், ஆனால் அவள் வந்து உட்கார்ந்த இடத்தில் முன்பே ஒருத்தி இருந்தாள், அவளை எழுப்பி அனுப்பியது யார். படம் வந்த பிறகு படித்தவர்கள் மண்டையில் இருக்கிற தனபாக்கியங்கள் எல்லோரும் இப்படித்தான் ஒவ்வொருத்தியாக எழுந்து போவார்கள், சொல்லாமல் கொள்ளாமல், குடியிருந்த வீட்டைக் காலி செய்கிற மாதிரி. மழை என்று புத்தகத்தில் இருந்தால் அவரவர் ஊர் மழை பெய்யும். படத்தில் லாரித் தண்ணீர்தான் பெய்யும். இது தெரியாமலா இதற்கு வந்தேன்.

தெரிந்துதான் வந்தாள். எத்தனையோ பேர் கேட்டும் நாவலைப் படமாக்கக் கொடுக்காதவர், அயனாவரத்து மாடி வீட்டில் அவள் போய் உட்கார்ந்து பேசியதும் கொடுத்துவிட்டார். அப்போது அவருக்கு ஆள் நிழல் தெரிந்துகொண்டிருந்தது, அவள் குரல் வந்த பக்கம் சரியாகத் திரும்பிப் பேசினார். மற்றதை என்ன வேண்டுமானாலும் செய்துகொள், முதல் அத்தியாயமே வேண்டாமென்றாலும் தூக்கிவிடு, அவள் துணி தேய்ப்பது மட்டும் இருக்க வேண்டும் என்றார். இருக்கும் சார் என்றாள். அதோடு விட்டிருக்கலாம். சத்தியமா சார் என்றும் சொன்னாள். அவர் கேட்கவில்லை. கேட்காத சத்தியத்தை எதற்குச் செய்தாள், அந்த வயசிலிருந்தே அது தன்னுடைய அத்தியாயம் என்று நினைத்துக்கொண்டிருந்ததாலா, அதை உலகத்துக்குக் காட்டப்போவது தான்தான் என்ற திமிரா. மைதிலி அக்கா அன்றைக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்பா யாரையும் இவ்வளவு சீக்கிரம் நம்ப மாட்டார் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு இப்போது ஏ.சி. குளிரில் வந்து கழுத்தில் உட்காருகிறது.

தயாரிப்பாளர்தான் காரணம். அவர்தான் இரண்டாம் பாதி இழுக்கிறது என்றார். அப்படிப் பார்த்தால் கிஷோர்தான் காரணம், டைரக்டர் என்றால் அவன் நின்றிருக்க வேண்டும், அவன்தான் அதற்குப் பதில் அந்த மழையை யோசித்தவன். இதையே பல நாளாக அவள் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், குளிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, தயாரிப்பாளர், கிஷோர், தயாரிப்பாளர், கிஷோர், சொல்லிச் சொல்லி அந்த இரண்டு பெயர்களும் தேய்ந்து போய்விட்டன, அதன் கீழே எடிட் ரூம் தெரிகிறது. அந்த அறையில் அன்று தயாரிப்பாளர் இல்லை. கிஷோர் அவளைத்தான் பார்த்தான், நீதானே இதற்காக அவ்வளவு சண்டை போட்டாய் என்பதுபோல. காட்சி ஓடியது. ஒன்றும் விடுபடவில்லை. கரி சிவந்தது, ஈர விரல் பட்டதும் பெட்டி சுர்ரென்றது, பிடிதுணி வந்தது, சொக்காய் வந்தது, அந்தப் பெண் கண்ணில் ஒரு துளி இல்லாமல் புத்தகத்தில் இருக்கிறபடியே செய்தாள், எடிட்டர் கொட்டாவியை வாய்க்குள்ளேயே மென்றார். உமையாள் காத்திருந்தாள், வரும், இதோ அந்தத் துண்டு வரும்போது வரும், சொக்காய் வரும்போது வரும். வரவில்லை. லைப்ரரியில் மூச்சை அடைத்த அது எதுவோ, அது வரவே இல்லை. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது, இன்றுவரை யாரிடமும் சொல்லாதது, ஒருவேளை அந்த அத்தியாயத்தில் ஒன்றுமே இல்லையோ, இருந்ததெல்லாம் என் பதினேழு வயசுதானோ. அந்த நினைப்பு வந்த பயத்தில் சட்டென்று சொன்னாள், இத வெட்டி எடுத்துடலாம் என்று. அவள்தான் சொன்னாள். கிஷோர் திரும்பக் கேட்டான், நிஜமாவா என்று. எடுத்துடலாம் என்று மறுபடி சொன்னாள், இரண்டாவது தடவை சுலபமாக இருந்தது.

திரையில் குழந்தை செத்துக்கொண்டிருந்தது. பொன்னுரங்கம் அவளை ஒன்றும் கேட்கவில்லை, ஒலியே போதுமாக இருந்தது, ஈரத்துணி பிழிகிற சத்தம், தூரத்தில் கூட்ஸ் வண்டி இழுக்கிற சத்தம், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டுவது. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முன் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, இந்த இடம் நன்றாகத்தான் வந்திருக்கிறது, இதை ஏன் யாரும் சொல்ல மாட்டார்கள், படத்தால் முடிகிறதும் இருக்கிறதே, புத்தகத்தில் இந்தக் கதவு தட்டுவது ஒரு அரை வரி, இங்கே நெஞ்சில் தட்டுகிறது. இப்படியே போய்விடக் கூடாதா. மண்ணைத் தள்ளும் சத்தம் வந்தது. அது நின்றதும் வயலின் எழுந்தது, ஒன்று, பின்னால் இன்னொன்று, பின்னால் ஒரு கூட்டம், திரை முழுக்க மழை கொட்டியது. தனபாக்கியம் தண்டவாளத்தில் ஓடினாள். தலை அவிழ்ந்து ஓடினாள், கேமரா அவளோடு ஓடியது, பக்கத்துத் தண்டவாளத்தில் எதிரே ஒரு ரயில் வெளிச்சத்தோடு வந்தது. பேச்சு இல்லை. வயலினுக்குப் பின்னால் வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பொன்னுரங்கம் அவள் பக்கம் சாய்ந்தார். அவரிடம் கோடாலித் தைலம் மணத்தது.

"இதுதானம்மா? வந்துடுச்சா?"

ஆமா சார் என்றாள்.

அந்த ஆமாவை அவள் சொல்லவில்லை, அது தானாக வந்தது, வந்த பிறகு அதன் பின்னாலேயே மற்றதெல்லாம் வந்தன. கரி மூட்டுறா சார். விசிறியால வீசுறா. பெட்டியைத் தூக்கிப் பாக்குறா, கன்னத்துக்கிட்ட கொண்டுபோய்ச் சூடு பாக்குறா. காக்கிச் சட்டையை விரிக்கிறா. திரையில் அந்தப் பெண் சேறு தெறிக்க ஓடிக்கொண்டிருந்தாள், உமையாள் அதைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள், அத்தியாயம் மனப்பாடம், வரிசை தவறாது, காக்கி, புடவை, தலையணை உறை. பெரியவர் அவள் முழங்கையிலிருந்து கையை எடுக்கவில்லை. துண்டை எடுக்கிறாளா என்றார். எடுக்குறா சார், நீவி விடுறா, ஈரிழைத் துண்டு, அது படிய மாட்டேங்குது, திரும்பத் திரும்ப அழுத்துறா. அவர் விரல்கள் இறுகின. தப்பு செய்கிறேன் என்ற நினைப்பு எங்கோ தள்ளி, வேறு யாரோ செய்கிற தப்புபோல் நின்றது. அதற்கு முன்னால் சொக்காய் வந்துவிட்டது, நீலக் கட்டம் போட்டது, அவள் சொல்லிக்கொண்டே போனாள், தோளைத் தேய்க்குறா சார், கையைத் தேய்க்குறா, பெட்டியை நிமுத்தி வெச்சுட்டு ஒவ்வொரு பட்டனா மாட்டுறா, மேல இருந்து கீழ வரைக்கும், யாருக்கோ போட்டு விடுற மாதிரி. அது புத்தகத்தில் இல்லை. சொன்ன பிறகுதான் தெரிந்தது, இல்லை என்று. எங்கிருந்து வந்தது. மூடிய கண்ணுக்குள் அந்தக் கை தெரிந்தது, கைக்குப் பின்னால் நீளவாட்டான ஒரு முகம் ஒரு கணம் நிமிர்ந்த மாதிரி இருந்தது, மூச்சு அடைத்தது, அவள் கண்ணைத் திறந்தாள். தண்டவாளத்துக் கருங்கல் ஜல்லியில் நடிகை குப்புற விழுந்து கிடந்தாள். பொன்னுரங்கத்தின் தோளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைதிலி அக்கா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் பாதியில் விழுந்திருந்தது. அதில் கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள், அவர் கண் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

அப்புறம் ஓடிய படத்தில் உமையாளுக்கு எதுவும் மனசில் நிற்கவில்லை. சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், அவர் கேட்டபோதெல்லாம், உள்ளது உள்ளபடி, நாய்க்குக்கூட நிறம் சொன்னாள், இப்போது சரியாகச் சொன்னால் அப்போது சொன்னது நேராகிவிடும் என்பதுபோல. உள்ளே ஒரு வக்கீல் எழுந்து பேசிக்கொண்டிருந்தான். யாருக்கு என்ன நஷ்டம், கண் தெரியாத மனுஷன், ஆசைப்பட்டதைக் கேட்டார், அழுதார், நிம்மதியாக வீட்டுக்குப் போவார், புண்ணியம்தானே. புண்ணியம் என்றால் மைதிலி அக்கா பக்கம் ஏன் திரும்ப முடியவில்லை. அவருக்காகவா சொன்னாய், உனக்காகவா. இல்லை என்று சொல்லியிருந்தால் அந்தக் கை முழங்கையை விட்டிருக்கும், அதற்குப் பயந்துதானே. கண் தெரிந்தவராக இருந்தால் சொல்லியிருப்பாயா. அவருடைய இருட்டைப் பார்த்துத்தானே துணிந்தாய். ஒரு தடவை வெட்டினாய், இப்போது வெட்டவில்லை என்றும் சொல்லிவிட்டாய். பத்திரிகைக்காரர்கள் கேட்டால், நாவலுக்கு நியாயம் செஞ்சிருக்காங்களா சார் என்று மைக்கை நீட்டினால், இவர் அந்த இஸ்திரியைத்தான் சொல்வார், மேடையில், எல்லோருக்கும் கண் தெரிகிற இடத்தில்.

விளக்கு போட்டதும் கைதட்டினார்கள். வெளியே முன்கூடத்தில் சமோசாவும் டீயும் வைத்திருந்தார்கள், தெரிந்தவர்கள் கிஷோரைச் சூழ்ந்துகொண்டு அந்த மழை ஷாட் அந்த மழை ஷாட் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொன்னுரங்கம் தன்னை அவனிடம் கூட்டிப்போகச் சொன்னார். உமையாளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். அவர் கிஷோரின் கையைத் தேடிப் பிடித்து, அந்தச் சொக்காய்க்குப் பட்டன் மாட்டியது யார் யோசனை, நான் எழுதவில்லையே, எழுதியிருக்க வேண்டியது என்றார். கிஷோரின் ஒரு காதில் போன் இருந்தது. அவன் கேட்டானோ இல்லையோ, பாராட்டுக்குப் பழகிவிட்ட சிரிப்போடு, ரொம்ப நன்றி சார், எல்லாம் உங்க ஆசீர்வாதம் என்று குனிந்து அவர் காலைத் தொட்டுவிட்டு, ஒரு நிமிஷம் சார் என்று போனோடு நகர்ந்துவிட்டான். முடிந்தது. யாருக்கும் தெரியவில்லை. பிழைத்துவிட்டோம் என்று ஒரு மூச்சு வந்தது.

அவரை நாற்காலியில் உட்கார வைத்து டீ கொடுத்துவிட்டு, மைதிலி அக்கா அவளைத் தூணோரம் கூப்பிட்டாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தாள். மைதிலி அக்கா குரலை உயர்த்தவில்லை. இருபது வருஷமாக பேங்க்கில் கவுண்டரில் உட்கார்ந்து பழகிய நிதானக் குரல்.

"நீ நல்லதுக்குத்தான் சொன்ன, உமா. நான் காட்டிக்குடுக்க மாட்டேன். ஆனா வீட்டுக்குப் போற வழியெல்லாம் அப்பா அதத்தான் பேசுவாரு. நானும் ஆமா ஆமான்னு சொல்லணும். படம் டிவில வந்ததும் அந்த எடத்த மட்டும் போடு, மறுபடி சொல்லுன்னு எங்கிட்ட கேப்பாரு. எனக்கு உன்ன மாதிரி சொல்ல வராது."

உமையாள் பொய்யைச் சொன்னபோது அது அந்த இருட்டோடு முடிந்துவிடும் என்றுதான் இருந்தது. அது ஓர் ஆளைப்போல எழுந்து இவர்களோடு காரில் ஏறி அயனாவரம் போகும் என்று நினைக்கவில்லை. மைதிலி அக்காவோடு சமையலறையில் நிற்கும், ராத்திரி அப்பாவுக்குச் சொட்டு மருந்து விடும்போது பக்கத்தில் நிற்கும். மைதிலி அக்கா கார் சாவியை எடுத்தாள். மூன்று பேரும் படி இறங்கினார்கள், பார்த்து சார், இன்னும் ஒரு படி சார். வெயில் சாய்ந்திருந்தது. உமையாள் அவரை முன்சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டை மாட்டிவிட்டாள். கதவைச் சாத்த வேண்டியதுதான். சாத்தினால் போதும். கை கதவில் இருந்தது. அவர் தலையைத் திருப்பி, ரொம்ப நல்லாயிருந்துச்சும்மா, நீ சொன்ன வார்த்தையைக் காப்பாத்திட்ட என்றார்.

"சார், படத்துல அந்த எடமே இல்ல."

எந்த இடம் என்றார் அவர்.

"அவ துணி தேய்க்கிறது. நான் புத்தகத்துலேருந்து சொன்னேன்."

மைதிலி அக்கா ஸ்டீரிங்கில் வைத்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெரியவர் உமையாள் பக்கம் திருப்பிய முகத்தை மெல்ல நேராக்கினார். காருக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி போக வழியில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அது போன பிறகு, அப்படியானால் அங்கே என்ன ஓடியது என்று கேட்டார். அவள் சொன்னாள். மழை, தண்டவாளம், தலை அவிழ்ந்து ஓடுவது, எதிரே வருகிற ரயில், ஜல்லியில் விழுவது. ஒன்றையும் விடாமல் சொன்னாள். பாதியில் அவர் தலையை ஆட்டத் தொடங்கினார்.

"ஓட மாட்டாம்மா அவ."

கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்த ஒருத்தியைப் பற்றி யாரோ தப்பாகச் சொன்னால் திருத்துவதுபோல் சொன்னார். தேய்ப்பதை எடுக்கவே இல்லையா என்று கேட்டார். எடுத்தோம் சார் என்றாள். தயாரிப்பாளர், கிஷோர், இரண்டு பேரும் நாக்கு நுனிவரை வந்தார்கள். நாந்தான் வேண்டாம்னு வெட்டச் சொன்னேன் என்றாள். ஏன் என்றார். என்ன சொல்வது. எல்லாம் சரியா இருந்துச்சு சார், ஒண்ணுமே நடக்கல, பாத்துக்கிட்டே இருந்தோம், ஒண்ணும் வரல என்றாள். அந்த அத்தியாயத்தையே சந்தேகப்பட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குக் கேட்டிருக்கும்.

பொன்னுரங்கம் வேட்டி மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் மொதல்ல வரல. எழுதினேன், கிழிச்சேன். மறுபடி எழுதினேன். அவ பாட்டுக்குத் தேய்ச்சுக்கிட்டே இருக்கா, படிச்சா சலவைக் கடை மாதிரி இருக்கு. அந்த வருசம் முழுக்க அதத்தான் எழுதினேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க எத்தன தடவ எடுத்தீங்க?"

ஒரு மத்தியானம் சார் என்றாள் உமையாள்.

அவர் சரி என்றார். திட்டியிருக்கலாம், பரவாயில்லை என்றிருக்கலாம், இரண்டில் எது வந்தாலும் வாங்கிக்கொள்ள அவள் குனிந்து நின்றாள். மைதிலி அக்கா எட்டி, அவள் விரல் நசுங்காமல் பார்த்து, அந்தப் பக்கத்துக் கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டு வண்டியை எடுத்தாள்.